ஆறாம் வரிசையில் மழை

“அங்கன நீலத்தைக் கொட்டாதளா, சொல்லுதேன்லா...”

“ஏழுன்னு போட்டிருக்கு. ஏழுக்கு நீலந்தான். நான் என்ன என் இஷ்டத்துக்கா கொட்டுதேன்...”

“ஏழும் கெடையாது எட்டும் கெடையாது. ஆனி மாசத்துல தூத்துக்குடியில மழை பெய்ஞ்சு நீ பாத்திருக்கியா?”

“நான் பாக்கல. மெட்ராஸ் கம்ப்யூட்டரு பாத்திருக்கு. கையை விடுளா, சிரட்டை கவுந்துரும்.”

பிச்சம்மாள் டீச்சர் கையை விடவில்லை. கல்லூரி ஹாலின் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு, ஜீவமணி டீச்சரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜீவமணியின் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்த உப்பு. இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஐந்து வாரமாக விடுதியில் ஒரே அறை, ஒரே கூஜாத் தண்ணீர். பிச்சம்மாள் தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஒரு சின்ன ஊரில் பூகோளம் நடத்துகிறவள், ஜீவமணி நாசரேத்தில் கணக்கு டீச்சர். இத்தனை நாளில் குரலை உயர்த்தி இருவரும் பேசிக்கொண்டது அன்றுதான்.

“சண்டை போடுறதா இருந்தா உப்பை இறக்கி வச்சிட்டுப் போடுங்க டீச்சரம்மா,” என்றாள் அந்தோணியம்மாள். ஹாலைக் கூட்டித் துடைக்கிறவள் அவள். உப்பளத்திலிருந்து ஓலைப்பெட்டியில் உப்புச் சுமந்து வந்தவளும் அவளே. “நாளைக்கு இதையெல்லாம் அள்ளப் போறவ நாந்தான்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் வருஷத்துக் கோடை விடுமுறை அது. ஜில்லாவின் பெண்கள் பள்ளிகளிலிருந்து எட்டு டீச்சர்களைத் தூத்துக்குடிக்கு வரவழைத்து, வானிலைப் பாடத்தைக் கம்ப்யூட்டர் கணக்கால் எப்படி நடத்துவது என்று ஆறு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். கம்ப்யூட்டரை அந்த எட்டுப் பேரில் ஒருத்தர்கூடக் கண்ணால் பார்த்தது கிடையாது. அது மெட்ராஸில் ஒரு குளிரூட்டிய அறைக்குள் இருந்தது. இவர்கள் இங்கே தாளில் எண்களை எழுதுவார்கள். சொல்லிக்கொடுக்க வந்த கோமளவல்லி மேடம் அந்தத் தாள்களோடு ரயிலேறி, அங்கே ஒவ்வொரு எண்ணையும் அட்டையில் துளையாகப் போட்டு, மெஷினுக்குள் விட்டு, அது அச்சடித்துத் தள்ளும் நீளக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்புவாள். அந்த ஆறு வாரத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு முறை. காகிதம் அன்று காலை ரயிலில் வந்து சேர்ந்தது.

எட்டு டீச்சர்களுக்கு எட்டு வரிசை. மேற்கே அரபிக்கடலில் தொடங்கி, கிழக்கே இலங்கைக்கு இந்தப் பக்கம் வரை, நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு கட்டம். ஒவ்வொருத்தியும் தன் வரிசையில் இருக்கும் கட்டங்களுக்கு மூன்று விஷயம் எழுதித் தரவேண்டும்: கடலா தரையா, தரை என்றால் எவ்வளவு உயரம், ஆனி மாத விடியற்காலையில் எவ்வளவு சூடு. அவ்வளவுதான். எந்த ஊரில் எவ்வளவு மழை என்று யாரும் எழுதவில்லை. மெஷின் அதைத் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

அது கண்டுபிடித்துத்தான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மழை எண்களை வெறுமனே படித்தால் ஒன்றும் விளங்காது என்று தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, எண் சிறியதாக இருந்தால் வெள்ளை உப்பும் பெரியதாக இருந்தால் நீல உப்பும் கொட்டத் தொடங்கினார்கள்.  மூன்றாம் வரிசை முடிந்தபோது எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். மலையாளக் கரை முழுக்க நீலம். மலை உச்சியில் கருநீலம். மலையைத் தாண்டியதும் கத்தியால் வெட்டினதுபோல வெள்ளை. பதினெட்டு வருஷமாகப் பிச்சம்மாள் கரும்பலகையில் எழுதி வந்த வாக்கியம், ‘மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுக்கிறது’, அங்கே தரையில் படுத்துக் கிடந்தது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் ‘எழுதிக்கோ’ என்று அடுத்த வரிக்குப் போய்விடுவாள். அவளே அதுவரை அதைப் பார்த்ததில்லை. மற்ற டீச்சர்கள் காப்பி குடிக்கப் போனபிறகும் அவள் போகவில்லை. ஜீவமணியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மீதி வரிசைகளுக்கு உப்புக் கொட்ட வைத்தாள்.

ஆறாம் வரிசையில்தான் வினை வந்தது. அது பிச்சம்மாளின் வரிசை. கொல்லத்தில் கரையேறி, மலை தாண்டி, தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி என்று ஐந்தே ஐந்து தரைக் கட்டம். அதில் நீலம் மலையோடு நிற்கவில்லை. வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டதுபோல் உள்ளே பாய்ந்து, கடைசியில் தூத்துக்குடியில் ஏழு என்று வந்து நின்றது.

“ஆனியில மழையா?” என்று எட்டிப் பார்த்தாள் அந்தோணியம்மாள். “அளத்துக்காரவுக காதுல விழுந்துராம. உப்பு அள்ளுத மாசம் அது. அம்பாரம் அம்பாரமா கரைஞ்சு கடலுக்கே போயிரும்.”

“மெஷினு தப்பாச் சொல்லுது,” என்றாள் பிச்சம்மாள்.

“மத்த வரிசைக்கெல்லாம் சரியாச் சொன்ன மெஷினு உன் வரிசைக்கு மட்டும் தப்பாச் சொல்லுதோ? உனக்கும் அதுக்கும் என்ன பகை?” ஜீவமணி கையை உதறி விடுவித்துக்கொண்டாள். “நாம எழுதிக் கொடுத்ததை முதல் பக்கத்துல அப்படியே திருப்பி அடிச்சிருக்கும்னு மேடம் சொன்னாவல்லா? எடுத்துப் பாரு.”

பிச்சம்மாள் முதல் பக்கத்தை விரித்தாள். ஓரத்தில் வரிசையாகத் துளையிட்ட, பச்சைக் கோடு போட்ட காகிதம். ஆறாம் வரிசைக்கு விரலை ஓட்டி, மலைக் கட்டத்தில் நிறுத்தினாள்.

“நூத்தி நாப்பத்தெட்டு மீட்டரு. நான் எழுதினதுதான். சரியாத்தான் இருக்கு.”

“என் வரிசையில மலை எவ்வளவு?”

“தொள்ளாயிரம்.”

“உனக்கு மேல இருக்குத வரிசையில?”

“ஆயிரத்து நூறு.” பிச்சம்மாளின் குரல் இறங்கியது.

“அப்போ உன் வரிசையில மட்டும் மலை படுத்துத் தூங்குதா? எங்கேருந்து எடுத்த இந்த நம்பரை?”

“நீங்களெல்லாம் அட்லஸ்ல கலரைப் பாத்துக் குத்துமதிப்பா எழுதினிய. எனக்கு அது பிடிக்கல. ஞாயித்துக்கிழமை இங்கேருந்தே ரயில் ஏறி கொல்லம் வரைக்கும் போனேன். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இறங்கி, போர்டுல ஊர்ப் பேருக்குக் கீழ உயரம் எழுதியிருக்கும்லா, அதை எழுதினேன். செங்கோட்டை, பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை, புனலூரு. எல்லாத்தையும் கூட்டி வகுத்தேன். ஒரு மீட்டரு கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல.”

ஜீவமணி அவளைப் பார்த்தாள். அவள் வாய் மெல்லத் திறந்து, பிறகு முழுசாகத் திறந்தது.

“ஏளா, பிச்சு. ரயிலு மலை உச்சியிலயா ஏறிப் போச்சு?”

“இல்ல, குகைக்குள்ள...” என்று தொடங்கிய பிச்சம்மாள் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

ஜீவமணி சிரித்தாள். சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எங்கே பள்ளம் இருக்கிறது என்று தேடித் தேடித் தண்டவாளம் போட்டவர்களின் எண்ணையெல்லாம் ஒன்றுவிடாமல் சேகரித்து, அதுதான் மலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளே இவள்! அந்தோணியம்மாளுக்குக் காரணம் புரியவில்லை. ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

பிச்சம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரம்மா வருகிறார். எட்டுப் பேரில் இரண்டு பேர் அவர் முன்னால் இந்தப் பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும்: முதலில் பிச்சம்மாள், அடுத்து ஜீவமணி. அந்த இரண்டு பேரில் ஒருத்தி பயிற்சிப் பள்ளிக்குப் போய், இனிமேல் வரும் டீச்சர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுப்பாள். மற்றவள் பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப்போய் ‘எழுதிக்கோ’ என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தரையில் மழை விழுந்ததைப் பார்த்தபிறகு பிச்சம்மாளால் அந்த வாக்கியத்துக்குத் திரும்பிப் போக முடியாது. அது அவளுக்குத் தெரியும். ஜீவமணிக்கும் தெரியும்.

“என்ன சண்டை? வாசல் வரைக்கும் கேக்கறதே,” என்று வந்தாள் கோமளவல்லி மேடம். ஆழ்வார்திருநகரிக்காரி. இந்த இருவரையும்விடப் பத்து வயது சிறியவள், மேடம் என்று கூப்பிட்டால் இன்னமும் கூச்சப்படுகிறவள். தரையைப் பார்த்தவள் ஆறாம் வரிசையில் கண்ணைப் பதித்தாள். விஷயத்தைக் கேட்டாள். சிரிக்கவில்லை.

“மறுபடி மெட்ராஸ் போய் ஓட்டிட்டு வரலாமா மேடம்?” என்று பிச்சம்மாள் கேட்டாள்.

“அடுத்த தடவை நமக்கு ஆடியிலதான் நேரம் தருவா. நாளைக்கு இதுதான் இருக்கு.”

“அப்படின்னா வெள்ளையைப் போட்டு மூடிருவோம்,” என்றாள் ஜீவமணி. சிரிப்பு போய்விட்டிருந்தது. “இன்ஸ்பெக்டரம்மா காகிதத்தையா பாக்கப் போறாவ? தரையைத்தான் பாப்பாவ. மலையில நீலம், மலைக்கு இங்கிட்டு வெள்ளை. எல்லா வரிசையும் ஒண்ணுபோல இருந்துட்டுப் போகட்டும். நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் பிச்சு. உன்னை இப்படித் தோக்கடிச்சு எனக்கு அந்த வேலை வேண்டாம்.”

மேடம் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். “அது உங்க வரிசை. நீங்களே தீர்மானம் பண்ணுங்கோ,” என்றாள்.

பிச்சம்மாள் குனிந்து கடைசிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் இருந்தவளுக்கு, வெட்கத்தைத் தள்ளிவிட்டு வேறு ஏதோ ஒன்று உள்ளே எழுந்தது.

“மேடம், மலை இல்லேன்னா ஈரக்காத்து உள்ள வரும். அது புரியுது. ஆனா வர்ற வழியில தென்காசியில அஞ்சு, திருநெல்வேலியில அஞ்சு. கடைசியா இங்கன வந்து ஏழு. போகப் போகக் குறையணும்லா? இங்கன எதுக்குக் கூடுது?”

மேடம் காகிதத்தைப் புரட்டி, காற்றின் எண்கள் இருக்கும் பக்கத்தை எடுத்தாள். தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் விரலால் எண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“மேற்கேருந்து மேல்காத்து இந்தப் பக்கமா வர்றது,” என்றாள் கடைசியில். “மத்தியானம் தரை சுட்டதும் கடல்காத்து எதிர்ப்பக்கமா ஏறி வர்றது. ரெண்டும் கரையில வந்து முட்டிக்கறது. முட்டினா போக இடமில்லை, மேலேதான் போகணும். மேலே போனா குளிரும், குளிர்ந்தா ஈரத்தைக் கீழே போட்டுடும். அதான் ஏழு.”

“முட்டும்லா,” என்றாள் அந்தோணியம்மாள் சட்டென்று.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மேல்காத்தை நாங்க கச்சான்னுவோம். கச்சானும் கடக்காத்தும். ரெண்டும் மத்தியானத்துல மூஞ்சியோட மூஞ்சி முட்டிக்கிடும். எங்க வீட்டுக்காரவுக அந்நேரம் கடல்ல வள்ளத்துப் பாயை இறக்கிட்டுச் சும்மா கெடப்பாக. எந்தப் பக்கம் இழுக்கும்னு சொல்ல முடியாதுல்லா. கச்சான் காஞ்ச காத்து, அதனால மழை வராது. அது நனைஞ்சு வந்தா கொட்டத்தான் செய்யும்.” அவள் உப்புப் பெட்டியைக் கீழே வைத்தாள். “ஏன் மேடம், மெட்ராஸ்ல ரூமுக்குள்ள கெடக்குத மெஷினுக்கு இதை யாரு சொன்னா? நீங்களா எழுதிக் கொடுத்திய?”

“இல்லை,” என்றாள் மேடம். “கடல்காத்துன்னு ஒரு வார்த்தைகூட அதுல கிடையாது. தரை சீக்கிரம் சுடும், கடல் மெதுவாச் சுடும், சுட்ட காத்து மேலே போகும், பக்கத்துக் காத்து அந்த இடத்துக்கு ஓடி வரும். இதை மட்டும்தான் கொடுத்தோம். ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுத்தி இருக்கிற நாலு கட்டத்தைத்தான் ‘உங்கிட்ட எவ்வளவு சூடு, எவ்வளவு காத்து’ன்னு கேக்கும். அதுக்கு அந்தண்டை என்ன நடக்கறதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. மறுபடி கேக்கும், மறுபடி கேக்கும். கணக்குக்குள்ள பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வீதம், ஆனி மாசத்துப் பத்து நாளைக்குக் கேட்டிருக்கு.”

வெளியே, அவர்கள் பேசிக்கொண்டிருந்த அதே மேல்காற்று வறண்ட புழுதியை ஜன்னல் கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பலின் சங்கு ஊதி ஓய்ந்தது. பிச்சம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. மெஷினுக்குத் தூத்துக்குடி தெரியாது. இங்கே வானம் காய்ந்து கிடக்கும் என்பது தெரியாது. அவள் மலையை எடுத்துவிட்டாள், அது கேள்வி கேட்காமல் அந்த மலை இல்லாத உலகத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டது. அந்த உலகத்திலும் மத்தியானம் தரை சுடுகிறது. அந்தோணியம்மாளின் வீட்டுக்காரர் பாயை இறக்குகிற அதே நேரத்தில் இரண்டு காற்றும் வந்து முட்டிக்கொள்கின்றன. கடவுள் படைத்த ஒன்றில் தான் ஒரு கல்லை இடம் மாற்றி வைத்துவிட்டு, ஓரமாய் நின்று எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

ஜீவமணி வெள்ளை உப்பு நிறைந்த சிரட்டை ஒன்றை ஆறாம் வரிசையின் ஓரத்தில் வைத்தாள். “காலையில சீக்கிரம் வந்து போட்டுரு,” என்று அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரம்மா ஞானபாய் வந்தார். வெள்ளைப் புடவை, கையில் நோட்டுப் புத்தகம், காதோரம் செருகிய சிவப்புப் பென்சில். தரையைப் பார்த்ததுமே முகம் சுளித்தார்.

“இதென்ன, கோலப் போட்டியா?”

“மழைம்மா,” என்றாள் பிச்சம்மாள். “மெட்ராஸ் மெஷின் போட்டுக் கொடுத்த மழை.”

ஞானபாய் கட்டங்களின் ஓரமாக நடந்தார். நடக்க நடக்கச் சுளிப்பு குறைந்தது. ஆறாம் வரிசைக்கு வந்ததும் நின்றார். சிரட்டை நிறைய வெள்ளை உப்பு அங்கே வைத்தபடியே இருந்தது. கட்டங்கள் நீலமாகவே இருந்தன.

“இது எந்த ஊர்?”

“தூத்துக்குடிம்மா.”

“ஆனி மாசத்துலயா? நான் இந்த ஊர்லயே பிறந்து வளந்தவ, டீச்சர். இது தப்பு.” சிவப்புப் பென்சில் காதிலிருந்து கைக்கு வந்தது.

பின்பெஞ்சில் ஜீவமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

“தப்புத்தாம்மா,” என்றாள் பிச்சம்மாள். “மெஷின் பண்ணின தப்பு இல்ல, நான் பண்ணினது. மலையோட உயரத்தை நான் ரயில் ஸ்டேஷன் போர்டைப் பாத்து எழுதிட்டேன். ரயிலு பள்ளத்துலதான போகும்? அதனால இந்த ஒரு வரிசையில மட்டும் மலையே இல்லாமப் போச்சு.”

பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. ஞானபாயின் பென்சில் நோட்டில் இறங்கி ஒரு வரி எழுதியது. பிச்சம்மாள் அதைப் பார்த்தாள். தான் தோற்றுப்போனது தெரிந்ததும் அவள் நிமிர்ந்து நின்றாள். இனி இழக்க ஒன்றுமில்லை, நடத்திவிடலாம்.

“ஜீவமணி டீச்சர், உங்க ஏழாம் வரிசையில வந்து நில்லுங்க,” என்றாள். ஜீவமணி திகைத்து எழுந்து வந்து நாசரேத்துக் கட்டத்தின் பக்கத்தில் நின்றாள். “அம்மா, இவங்க வரிசையும் என் வரிசையும் அடுத்தடுத்து இருக்கு. ரெண்டுக்கும் ஒரே கடல். ஒரே வெயில். ஒரே சட்டம். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான்: இவங்ககிட்ட மலை இருக்கு, என்கிட்ட இல்ல. இவங்க ஊர்ல மழை எவ்வளவு, டீச்சர்?”

“பூச்சியம்,” என்றாள் ஜீவமணி.

“என் ஊர்ல ஏழு. பதினெட்டு வருஷமா மலை மழையைத் தடுக்குதுன்னு சொல்லிக் கொடுத்திருக்கேம்மா. ஒரு பிள்ளைகூட ‘எப்படித் தெரியும் டீச்சர், மலையை எடுத்துப் பாத்தியளா’ன்னு கேட்டதில்ல. கேட்டிருந்தா என்கிட்ட பதில் கிடையாது. மலையை யாரால எடுக்க முடியும்? இப்போ நான் எடுத்துட்டேன். தெரியாமத்தான் எடுத்தேன். எடுத்தா என்ன ஆகும்னு உங்க காலடியில இருக்கு.”

பிறகு அவள் காற்றின் வழியே நடந்தாள். கொல்லத்துக் கரையில் தொடங்கி, இல்லாத மலையின் மேல் கால் வைத்து, தென்காசி, திருநெல்வேலி என்று ஒவ்வொரு கட்டமும் தன் பக்கத்துக் கட்டத்திடம் என்ன கேட்டது, அது என்ன சொன்னது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கரையில் இரண்டு காற்றும் முட்டுகிற இடத்துக்கு வந்ததும் இரண்டு கைகளையும் எதிரெதிராகக் கொண்டுவந்து மோதி மேலே தூக்கினாள். உயர்ந்த கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, “இதை யாரும் அதுக்குச் சொல்லிக் கொடுக்கலம்மா,” என்றாள். கதவோரம் விளக்குமாறோடு நின்ற அந்தோணியம்மாள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

பாடம் முடிந்தது. கோமளவல்லி மேடம் இன்ஸ்பெக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானபாய் நோட்டை மூடி நாற்காலியில் வைத்தார். பென்சிலை அதன்மேல் வைத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாய் விட்டுவிட்டு, புடவைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்பீஸ் கோட்டின்மேல் மட்டும் அடிவைத்து மேற்கே நடந்தார். அரபிக்கடல் என்று எழுதியிருந்த முதல் கட்டத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அறுபதை நெருங்கிய முழங்கால்கள் சத்தம் போட்டன. அந்தக் கட்டத்தின் உப்பை ஒரு விரலால், அடுப்பில் வைத்த பாத்திரம் சுடுகிறதா என்று பார்ப்பதுபோல, மெல்லத் தொட்டார். அவர் நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கண்களில் பரிசோதிக்க வந்தவர் இல்லை.

“மலை நிக்கிற இடத்துலயே நிக்கட்டும், டீச்சர். இந்தக் கடலை மட்டும் ஒரே ஒரு டிகிரி கூடுதலாச் சுட வச்சா என்ன ஆகும்?”